தலையில் மா

இன்று காலை பஸ் நிலையத்தில் ஒரு மான்
என் பைக்குள் மூக்கை விட்டு
லஞ்ச் சீற்றை இழுத்தது.
கொடுத்துவிட்டேன், நகுல்.
அதன் பூட்டனோ எவனோதான்
உன் கணக்குக் கொப்பியில் இரண்டு பக்கம் தின்றவன்.

"மான் சாப்பிட்டுட்டுது சேர்"
என்று நீ சொன்னதை,
தெருவெல்லாம் மான் திரிகிற திருகோணமலையில்,
வாத்தியார் மட்டும் நம்பவில்லை.
ஒரு பாடம் முழுக்க முழங்காலில் நின்றாய்.
அடுத்த நாள் மிச்சப் பக்கங்களையும்
நீயே கிழித்து அதுக்கு ஊட்டினாய்.

கேட்டு அம்மா சிரித்த சிரிப்பில்
தலையிலிருந்து மா உதிர்ந்தது.

பேக்கரியில் அவளுக்கு மா அரிக்கிற வேலை.
பின்னேரம் வரும்போது
முடி, புருவம், காதோரப் பூனைமயிர்
எல்லாம் வெள்ளை.
"கிழவி வாறா! கிழவி வாறா!"
நீ படலையடியில் நின்று கத்துவாய்.
அவளும் விடமாட்டாள்.
கூனிக்கொண்டு, இல்லாத தடியை ஊன்றி ஊன்றி,
இருமிக்கூடக் காட்டுவாள்.
சேலைத் தலைப்பில் ரோஸ் பாணின் கருகிய ஓரம்
இரண்டு துண்டு.
தான் அங்கேயே சாப்பிட்டதாகச் சொல்வாள்.

அம்மா கிழவியாக இருந்தது
படலைக்கும் கிணற்றடிக்கும் இடையில்
அந்தப் பதினெட்டு அடி தூரம் மட்டும்தான்.
முகம் கழுவி நிமிர்ந்தால்
முப்பத்தைந்து.

மார்கழி. மழை. காய்ச்சல் மூன்றாம் நாள்.
ஊரடங்கு விலக இன்னும் நாலு மணித்தியாலம்.
அம்மா ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள்.
நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அதைப் பற்றி இவ்வளவுதான்.

பன்னிரண்டு என்று எழுதினார்கள்.
நீ கேட்டிருந்தால் திருத்தியிருப்பாய்:
"பதின்மூன்று நடக்குது."

முப்பத்தோராம் நாள் கன்னியாவுக்குப் போனோம்.
ட்ரக்டர்ப் பெட்டியில் அப்பா
ஒரு சொல் பேசவில்லை.
வெந்நீர்க் கிணறு ஏழையும் நீ முன்னமே
பள்ளிக்கூடத்தோடு வந்து விரல் விட்டுப் பார்த்து
பெயர் வைத்துவிட்டாய்.
கொதிக்கிறது கணக்கு வாத்தியார்.
ஓரத்தில் இருப்பது அக்கா,
"சுடுற மாதிரி இருக்கும், சுடாது."
அம்மாவுக்கு எதென்று கேட்டதற்கு
யோசித்துச் சொல்கிறேன் என்றாய்.

அன்று ஈரச்சேலையோடு
அம்மா என் காதோடு கேட்டாள்:
"எனக்கு எதையாம் சொன்னவன்?"

மூன்றாவது என்றேன்.
வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவள் அதிலேயே அள்ளினாள்.
மற்றவர்கள் ஏழிலும் மாறி மாறி வார்க்க
அவள் அந்த ஒன்றிலேயே
வாளி வாளியாக,
ஐயர் போதும் என்னும்வரை.

வந்த ஐப்பசியில் அவளும் போனாள்.
வைத்தியர் மூன்று வருத்தத்தின் பெயர் சொன்னார்.
அப்பா ஒன்றையும் எழுதி வாங்கவில்லை.

எனக்கு இப்போது நாற்பத்தேழு.
அம்மா எதிரே வந்தால்
என்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும்.
என் தலையில் இருப்பது கழுவினால் போகாது.
மகள் மை பூசச் சொல்கிறாள்.
பூசுகிறேன் பூசுகிறேன் என்று நாள் போகிறது.
கந்தோர் விட்டு வந்து கேற்றைத் திறக்கும்போது
ஒரு கணம் நிற்பேன்.
ஒருத்தரும் கத்துவதில்லை.
பக்கத்து வீட்டு நாய் பார்க்கும்.

போன மாதம் கன்னியாவில்
டிக்கெட் எடுத்து, செருப்பைக் கழற்றி,
சுற்றுலா வந்த பிள்ளைகள்
கூச்சல் போட்டுக் குளிக்கிற நேரம்
மூன்றாவது கிணற்றைத் தேடினேன்.
அன்று நான் எந்தக் கரையிலிருந்து எண்ணினேன்?
வாசல் பக்கமிருந்தா, காட்டுப் பக்கமிருந்தா?

இரண்டிலும் அள்ளி வார்த்தேன்.
ஒன்று கொஞ்சம் கூடச் சூடு.